கிளி எடுத்த சீட்டு

காலை நிகழ்ச்சியில் ராசிபலன் வாசித்த காலம் ஒன்று எனக்கு உண்டு. பணம் கைக்கு வரும், பகை நீங்கும், பயணம் கைகூடும் என்று மூச்சுக்கு மூச்சு எதிர்காலம்தான். அது ஆங்கில வகுப்பில் உதவும் என்று மட்டும் எந்த ராசியும் சொல்லவில்லை.

எங்கள் தாமானில் சனிக்கிழமைதோறும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். எல்லாரும் ஐந்தாம் ஆண்டு. எதிர்காலம் என்றாலே கொட்டாவி விட்டார்கள். அப்போதுதான் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் பார்த்த கிளி ஜோசியம் நினைவுக்கு வந்தது. ஆளுக்கு இரண்டு சீட்டு எழுதினார்கள். ஒரு பையன் கிளி. இரண்டு விரல்தான் அலகு. அவன் எடுக்கும் சீட்டை ஜோசியர் உரக்க வாசிக்க வேண்டும்.

“யூ வில் மேரி எ டென்டிஸ்ட்!”

வகுப்பே அதிர்ந்தது. பலன் கேட்ட பையனுக்குப் பல்லில் சொத்தை.

‘கோயிங் டு’வை நான் நடத்தவே இல்லை. ஒருவன் நான்கு கறிபாப்பை வாயில் அடைத்துக்கொண்டு முழித்தான். பக்கத்திலிருந்தவள், “டீச்சர், ஹி இஸ் கோயிங் டு வாமிட்!” என்று கத்தினாள். அறிகுறி கண்ணெதிரே தெரிந்தால் ‘கோயிங் டு’, வெறும் ஊகம் என்றால் ‘வில்’. தமிழிலும் மேகம் கறுத்த பிறகுதானே ‘மழை வரப்போகுது’ என்கிறோம்?

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் இருந்த மணி என்ற கிளியின் கதையையும் சொன்னேன். 2010 உலகக் கிண்ணக் காற்பந்தில் காலிறுதி முடிவுகளைச் சரியாகக் கணித்துப் புகழ்பெற்ற கிளி அது. இறுதியாட்டத்துக்கு நெதர்லாந்தை எடுத்தது, ஸ்பெயின் வென்றது. “கிளி ‘மே’ போட்டிருக்கணும் டீச்சர்” என்றான் ஒருவன். முழு மதிப்பெண் கொடுத்தேன்.

தமிழ் நம் பிள்ளைகளின் காலை வாரும் இடம் ஒன்று உண்டு. ‘அம்மா தினமும் ஐந்து மணிக்கு எழுவார்’ என்பது பழக்கம், ஆனால் சொல் எதிர்காலத்தில் நிற்கிறது. அதை அப்படியே ‘வில் வேக் அப்’ என்று எழுதிவிடுவார்கள். வாரம் தவறாமல் சிவப்புப் பேனாவால் திருத்துகிறேன்.

பின்வரிசைச் சிறுமி ஒருத்தியின் சீட்டில், ‘மை ஃபாதர் வில் கம் ஆன் சாட்டர்டே’ என்றிருந்தது. அவள் அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. பேனாவை எடுத்தேன்.

“ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவாராம்மா? அப்படின்னா ‘கம்ஸ்’னு எழுதணும்.”

“இல்ல டீச்சர். வர்றதில்ல.” சீட்டைப் பார்த்தபடியே சொன்னாள். “வருவாரு.”

பேனாவை மூடினேன். சீட்டு கட்டுக்குள் போனது.

கடைசிச் சுற்றில் கிளி அதையே எடுத்தது, வேறொரு பையனுக்கு. ‘மை’யை ‘யுவர்’ ஆக்கி ஜோசியர் வாசித்தார். “எங்கப்பா வெளியே காடியில உட்கார்ந்திருக்காரு டீச்சர்!” என்றான் அவன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான்.

வகுப்பு முடிந்ததும் அந்தச் சீட்டை மட்டும் திருப்பிக் கேட்டாள். கொடுத்தேன்.