பிக்கட்டியில் கல்லுக்குச் சேலை கட்டும் வேலை

ஊட்டிக்குப் போகிறவர்கள் ஏரியையும் பூங்காவையும் பார்த்து, வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்பி விடுகிறோம். ஒரு தடவை மஞ்சூர் பஸ்ஸில் ஏறி உட்காருங்கள். முத்தோரை பாலாடாவில் கேரட்டும் உருளைக்கிழங்கும் பாத்தி பாத்தியாக விளைந்திருக்கும். அதைத் தாண்டினால் தேயிலை, தேயிலை, தேயிலைதான்! மஞ்சூருக்கு அருகே, குந்தா வட்டத்தில், மலைச் சரிவைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது பிக்கட்டி. படுகர் ஹட்டிகளும், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையும், பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மூக்கில் ஏறும் தேயிலை வாசனையுமாக அமைதியான சின்ன ஊர்.

பார்க்க அழகுதான். ஆனால் குடித்தனம் பண்ணுகிறவர்களைக் கேட்டால்தான் மழையின் அருமை பெருமை தெரியும்! ஜூனில் பிடிக்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை விடாது. இதே குந்தா மலைப் பக்கம் உள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மழை இல்லாத நாளில் மேகமே ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்து கொள்ளும்.

என் நாத்தனார் வீடு இங்கேதான். மண்ணை வெட்டித் தட்டாக்கிக் கட்டிய வீடு. பின்சுவர் மேட்டை ஒட்டி நிற்கிறது. கூடத்தில் அந்தச் சுவர் முழுக்க ஓதம். எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் கறுப்புக் கறுப்பாகப் பூசணம். அவளுக்கோ இழுப்பு வேறு. மகள் கல்யாணத்துக்கு முன் சுவரை மறைத்துவிட வேண்டும் என்று கோவையிலிருந்து கல் தகடு வாங்கி வைத்திருந்தாள்.

"அண்ணி, இதைத் தொட்டுப் பாருங்க. நிஜக் கல்லு! பாய் மாதிரி சுருட்டலாம்" என்றாள்.

தொட்டுப் பார்த்தேன். கல்லேதான்! சொரசொரப்பும் மினுமினுப்பும் அப்படியே இருந்தன. நாலடிக்கு இரண்டடித் தகடு இரண்டு கிலோ கூட இராது. முக்கால் அங்குல கிரானைட் பலகை இதே அளவில் நாற்பது கிலோ வரும். இரண்டு பேர் தூக்க வேண்டும்.

இது எப்படிச் சாத்தியம்? நாம் சின்ன வயதில் எழுதிய சிலேட்டை நினைத்துக் கொள்ளுங்கள். ஆந்திராவில் மார்க்காபுரம் அதற்குப் பேர் போனது. சிலேட்டுக் கல்லும் அப்பிரகம் கலந்த சில கற்களும் ஏடு ஏடாகப் பிரியும் குணமுள்ளவை. கல்லின் முகத்தில் கண்ணாடி இழையைப் பரப்பி, பாலியெஸ்டர் பிசினைப் பூசி, இறுகியதும் உரித்தால் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் கல்லின் தோல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நம் நீலகிரிப் பாறையை இப்படி உரிக்க முடியாது. அது சார்னோக்கைட், ஏடாகப் பிரியாது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் சமாதிக் கல் இந்த இனம் என்பதால் வந்த பெயராம்.

வந்த கொத்தனார் பெரியவர் தகட்டைத் தொடவே இல்லை. சுவரைத்தான் தட்டிப் பார்த்தார்.

"கல்லு ஒட்டறது ரெண்டாவது வேலைங்கம்மா. முதல்ல செவுரு காயணும். இதுக்குப் பின்னாடி இருக்கறது பிளாஸ்டிக்குங்க. ஈரம் வெளியே வர வழியில்லாம உள்ளயே நிக்கும். பசை விட்டுரும், பூசணம் மறைவா வளரும்."

நாத்தனாருக்கு முகம் வாடிவிட்டது. கல்யாணத்துக்கு இரண்டே மாதம்! ஆனால் அவர் சொன்னது வாஸ்தவம். ஈரமும் பூசணமும் உள்ள வீட்டில் இழுப்பு அதிகமாகும் என்று உலக சுகாதார நிறுவனமே 2009இல் விரிவாக எடுத்துச் சொல்லியிருக்கிறது. கண்ணுக்கு மறைந்தால் மட்டும் நெஞ்சுக்கு மறைந்துவிடுமா?

அவர் காட்டிய சோதனை எல்லோருக்கும் பயன்படும். ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். தாளின் உள்பக்கம் நீர் முத்து இருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் இருந்தால், அறைக் காற்றின் ஈரம். வெயில் நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைப்பதும், உள்ளே துணி உலர்த்தாமல் இருப்பதும் உதவும். இங்கே உள்பக்கம்தான் முத்து முத்தாக நின்றது!

ஆகவே வேலை மாறியது. பின்சுவரை ஒட்டி மண்ணை அள்ளிக் கால்வாய் வெட்டி, கூரைத் தண்ணீர் விலகி ஓட வழி செய்தார்கள். பெயின்டைச் சுரண்டிச் சுண்ணாம்புப் பூச்சு பூசினார்கள். அந்தச் சுவருக்குக் கல் கிடையாது. தகடுகள் காய்ந்திருந்த நடுச்சுவருக்கும் முன்வாசல் உருண்டைத் தூணுக்கும் போயின.

ஒட்டும் முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு தகடு ஒன்றுபோல இராது என்பதால், முதலில் தரையில் பரப்பி நிறம் பார்த்து வரிசைப்படுத்தினார். தகரம் வெட்டும் கத்தரியாலேயே வெட்டினார். மெஷின் வைத்து அறுத்தால் வெளியில் வைத்து, மாஸ்க் கட்டிக்கொண்டுதான் அறுக்க வேண்டும். கல் தூசி நுரையீரலுக்கு விஷம். பல் வெட்டிய கரண்டியால் பசையைப் பரப்பி, தகட்டை வைத்து ரப்பர் உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தினார். தூணுக்குச் சூடான காற்றை ஊதி, தகட்டை மெள்ள வளைத்தார். சேலை சுற்றுவது போலவே இருந்தது! கடைசியில் தண்ணீர் இறங்காத சீலர் ஒரு பூச்சு.

வாங்க நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: அடுப்புக்கு நேர் பின்னால் இதை ஒட்ட வேண்டாம், பின்பக்கப் பிசின் தீ தாங்காது. துடைக்க ஈரத் துணியும் மென்மையான சோப்பும் போதும். ஆசிட் கூடவே கூடாது. மலைப் பிரதேசமானால் ஜனவரி முதல் மார்ச் வரை, சுவர் காய்ந்த நாளில் வேலையை வைத்துக் கொள்ளுங்கள். பிக்கட்டியைச் சுற்றிப் பார்க்கவும் அதுவே நல்ல காலம். ஸ்வெட்டர் மட்டும் மறக்காதீர்கள்!