நயமும் தடையும்

செயற்பாட்டு விரியலாக்கி பற்றிய வினா உயர்தரப் பௌதிகவியலில் இடம்பெறுவதுண்டு. அங்கே தடைகளின் பெறுமானங்கள் தரப்பட்டிருக்கும். மாணவன் நயத்தைக் கணிப்பான். (நயம் கவிதைக்கே உரியதெனக் கருதும் தமிழ்த்துறை நண்பர்கள் பொறுத்தருள்க, சமிக்ஞை எத்தனை மடங்கு பெருகுகின்றது என்பதையே பௌதிகவியலார் அவ்வாறு அழைப்பர்.) சுற்றை உண்மையாகவே அமைக்க முனைபவனின் நிலையோ மறுதலையானது. வேண்டிய நயம் அவனுக்குத் தெரியும். பெறுமானங்களை அவனே தெரிதல் வேண்டும். சூத்திரம் விகிதத்தை மட்டும் கூறி ஒதுங்கிவிடுகின்றது.

பன்விலத் தோட்டமொன்றின் லயத்தில் வாழும் என் அம்மாயிக்குச் செவி மங்கி ஆண்டுகள் சிலவாயின. விலைக்கு விற்கும் கேட்டற் கருவி எங்கள் கைக்கு எட்டாதது. பொறியியற்பீட நண்பர் ஒருவர், 1968இல் வெளிவந்து இன்றும் மலிவாகக் கிடைக்கும் 741 விரியலாக்கியையும் 9 வோல்ற்று மின்கலத்தையும் கொண்டு, பேச்சை 100 மடங்காக்கும் சிறு பெட்டியொன்றைச் செய்ய முன்வந்தார்.

741இன் இயல்பான நயம் ஏறத்தாழ இரண்டு இலட்சம். பின்னூட்டலால் அதனை அடக்கி 100இல் நிறுத்துபவை இரு தடைகளே. 10 ஓமும் 1,000 ஓமும் அவ்விகிதத்தைத் தரும். 1 மெகா ஓமும் 100 மெகா ஓமும் தரும். எதைக் கொள்வது?

சிறியவற்றைக் கொண்டால், 10 ஓம் தடை ஒலிவாங்கியின் மெலிந்த சமிக்ஞையை விழுங்கிவிடும். வெளியீட்டில் 1 வோல்ற்று எழும்போது 1,000 ஓம் தடை 1 மில்லி அம்பியரை வீணாக்கும்; 741 தனக்கென உண்பதே 1.7 மில்லி அம்பியர் அளவுதான். மின்கலத்தை அடிக்கடி மாற்றுவது தோட்டச் சம்பளத்தில் இயலுமா? பெரியவற்றைக் கொண்டால், 741இன் உள்ளீட்டிற் செல்லும் 80 நனோ அம்பியர் ஓட்டம் 100 மெகா ஓமில் 8 வோல்ற்றை உண்டாக்கும். மின்கலமோ 9 வோல்ற்று! மேலும், பன்விலையின் மூடுபனி பலகையில் ஈரமாய்ப் படிந்தால், அந்த ஈரமே மற்றொரு தடையாகிக் கணக்கைக் குலைக்கும். நண்பர் 10 கிலோ ஓமையும் 1 மெகா ஓமையும் தெரிந்தார்.

கொள்ளளவியைத் தெரிகையில் அம்மாயியின் முறைப்பாடு உதவிற்று. “சத்தம் கேக்குது, பேச்சுத்தான் வெளங்கல” என்பார் அவர். முதுமைச் செவி உயர் மீடிறன்களையே முதலில் இழக்கும்; உயிரொலி கேட்கும், வல்லின மெய்கள் நழுவும். எனவே தாழ்ந்த முழக்கத்தை மேலும் பெருக்குவதிற் பயனில்லை. 0.047 மைக்ரோ பரட் கொள்ளளவி 10 கிலோ ஓமுடன் சேர்ந்து ஏறத்தாழ 340 ஹேர்ட்சுக்குக் கீழுள்ளவற்றை மெலிவிக்கும். தொழிற்சாலை உருளைகளின் இரைச்சலிற் பெரும்பகுதி அத்துடன் அடங்கும். (0.05 ஏன் ஆகாது என்றேன். கடையில் 47தான் கிடைக்கும் என்றார். இலக்கணத்திற்கும் வழக்கிற்கும் உள்ள உறவு அங்கும் அப்படித்தான் போலும்.)

தகரக்கூரையில் மழை அறையும் இரவும் அமைதியான நண்பகலும் ஒரே நயத்தை வேண்டா. ஆதலால் 1 மெகா ஓம் தடையின் இடத்தில் மாறுந்தடையொன்றை வைத்து, திருப்பும் உரிமையை அம்மாயியிடமே விடுவதென முடிவாயிற்று. அதன் குமிழ் பெரிதாயிருத்தல் வேண்டும் என்பது மட்டுமே கலைப்பீடத்தவனான நான் கூறிய யோசனை. கொழுந்து பறித்துக் காய்த்த விரல்கள் சிறு குமிழைப் பற்றா.