கல்லின் உள்ளே

வெள்ளவத்தையிற் பஸ் ஏறிய நாம், கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் மாணவர்களோடு இறங்கினோம். பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கற்றூண்களிலே அவர்கள் சிற்பத்தைக் கண்டு வியந்தனர். கல்லையும் பாருங்கள் என்றோம்.

கல்லை 0.03 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஏடாகத் தேய்த்தால் ஒளி ஊடுருவும். அதனால் விளையும் பயனை 1858இல் சோர்பி என்னும் ஆங்கிலேயர் விளக்கினார். முனைவாக்கிய ஒளியில் நுணுக்குக்காட்டி வழியே நோக்கினால் சாம்பற் கல்லும் வண்ணக் கோலமாகும். நிலத்தின் ஆழத்தில் மெல்லக் குளிர்ந்த தீப்பாறையிற் பளிங்குகள் பெரியன. வெளியே விரைந்து குளிர்ந்ததிற் சிறியன. முந்தி உருவான பளிங்கு தன் வடிவோடு நிற்கும். பிந்தியது எஞ்சிய இடத்தை நிரப்பும்.

இலங்கைப் பாறைகளிற் பெரும்பாலானவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அவற்றை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர், கலைஞானியாக உலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கியவர் அவரே. இக்கோயிலைக் கருங்கல்லாற் புதுப்பித்த சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவருடைய அத்தை மகன்.

நாமோ பதினாறு வயதிலேயே பிள்ளைகளைக் கலைப்பிரிவு, விஞ்ஞானப்பிரிவு என்று பிரித்துவிடுகிறோம். இரண்டையும் ஒருவரே கற்கலாம் என்பதற்கு அப்பெரியார் சான்று.

திரும்பும் வேளையில், கலைப்பிரிவு மாணவியொருத்தி தூணருகே குனிந்து, கல்லில் மினுங்கும் மணிகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.