பருவும் பூச்சும்

முகப்பருவைப் பற்றிப் பல்கலைக்கழகச் சஞ்சிகையொன்றில் எழுதுவதா என்று அன்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் உண்மையை ஒளிப்பதிற் பயனில்லை. இவ்வளாகத்தில் நான் கழித்த முதலிரண்டு ஆண்டுகளில், விரிவுரையாளர்கள் பரிந்துரைத்த எந்த நூலையும் விட அதிகமாக நான் வாசித்தது என் முகத்தைத்தான். விடுதிக் குளியலறையிற் தொங்கிய, ஓரம் உடைந்த கண்ணாடியே அந்த வாசிப்புக்கு உதவிற்று.

வந்தாறுமூலையின் வெயிலை அறியாதவர்க்கு இதனை விளக்குவது கடினம். பங்குனி பிறந்தாற் புரட்டாதி வரை வெப்பம் தணிவதில்லை. இடையிற் கச்சான் வீசத் தொடங்கினால் நெடுஞ்சாலைப் புழுதியெல்லாம் முகத்தில் வந்து படியும். வாயிலிலிருந்து பீடத்துக்கு நடந்து சேர்வதற்குள் என் நெற்றியும் மூக்கும் எண்ணெய் தடவியவை போல் மினுங்கும். கன்னங்களிலோ சிவந்தும் பழுத்தும் பருக்கள். நான் பின்வரிசையில் அமர்ந்தேன். குழுவாகப் படம் எடுக்கும்போது எவரேனும் ஒருவரின் தோளுக்குப் பின்னால் நின்றேன். விவாத அரங்குக்குப் பெயர் கேட்டபோதெல்லாம் தொண்டை சரியில்லை என்றேன். தொண்டை நன்றாகவே இருந்தது.

“உடம்புச் சூடு மனே, இளநி குடி” என்றார் எங்கள் பெத்தா. தோலில் எழுவன யாவும் சூட்டினால் விளைவன என்பது அவரது உறுதியான கொள்கை. வைகாசியிற் கண்ணகியம்மனுக்குக் குளிர்த்தி பாடி, வேப்பிலையும் மஞ்சளுமாக வாழ்ந்த ஒரு தலைமுறைக்கு அது வெறும் மருத்துவக் கருத்தன்று. உலகத்தை விளங்கிக்கொள்ளும் முறை. அதனை எள்ளி நகையாட எனக்கு மனம் வராது. அவர் தந்த பயற்றமா முகத்தைக் கெடுக்கவுமில்லை. ஆனால் பருக்கள் அதற்கு அசையவில்லை.

பருவத்தோடு வருவதாற் போலும் அதற்குப் ‘பரு’ என்று பெயர் என விலங்கியல் பயிலும் நண்பனொருவன் சொல்லாராய்ச்சி செய்தான். சொல்லாராய்ச்சி எப்படியாயினும் உடலியல் அவன் பக்கமே. பூப்புப் பருவத்திற் சுரக்கும் அந்திரோசன் என்னும் ஓமோன்கள் தோலின் நெய்ச்சுரப்பிகளைத் தூண்டுகின்றன. உதிர வேண்டிய தோற்கலங்கள் உதிராது மயிர்த்துளையை அடைக்கின்றன. உள்ளே தேங்கும் நெய்யில், எல்லார் தோலிலும் வாழும் ஒரு பற்றீரியா பெருகுகிறது, அழற்சி தொடங்குகிறது. அழுக்கினால் விளையும் நோயன்று இது. இதை அறியாமல் நாளொன்றுக்கு ஏழு முறை சவர்க்காரமிட்டு முகத்தைத் தேய்த்தேன். தேசிக்காய்ச் சாற்றைப் பூசி வெயிலில் நடந்து தோலைப் புண்ணாக்கிக்கொண்டேன். அச்சாறு கடும் அமிலம் என்பதும், அது பட்ட தோலில் வெயில் பட்டாற் கொப்புளமும் கருமையும் உண்டாகலாம் என்பதும் பின்னரே தெரிந்தன. பற்பசையையும் பூசிப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத வெட்கமாயிருக்கிறது.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. பப்புவா நியூகினியைச் சேர்ந்த கித்தாவா என்னும் தீவில் 1200 பேரைப் பரிசோதித்து, ஒருவரிடமேனும் முகப்பரு காணப்படவில்லை என 2002ஆம் ஆண்டில் ஆய்வாளர் எழுதினர். அங்கு கிழங்கும் மீனும் தேங்காயும் பழமுமே உணவு. பெத்தாவின் இளமைக் கால உணவு இதற்கு வெகுதூரத்தில் இருந்திருக்க முடியாது. நாமோ சீனித் தேநீரும் பாணும் பணிசுமாக நாளைத் தொடங்குகிறோம். பரம்பரைக்கும் இதிற் பங்குண்டு. ஆகவே பணிசை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவது நீதியன்று.

இரண்டாம் ஆண்டில், நகரத்துக் கடையொன்றிற் சிறிய குப்பியொன்று வாங்கினேன். அதில் தயாரித்தவர் பெயரில்லை. சேர்ந்த பொருள்களின் பட்டியலில்லை. வெண்ணிறப் பெண்ணொருத்தியின் படம் மட்டும் இருந்தது. ஒரு கிழமைக்குள் பருக்கள் அடங்கின. முகம் வெளுத்துப் பளபளத்தது. அந்த மாதமே விவாத மேடையேறினேன், பேசினேன், கைதட்டினார்கள். விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது தங்கை என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். அவளுக்குப் பருக்கள் இல்லை. எங்கள் வீட்டிற் கறுப்பு அவள்தான். பெண் பார்க்க வந்தவர்கள் அதனைப் பண்பாகச் சொல்லிச் சென்றிருந்தனர். அவள் கேட்பதற்கு முன்பே, பெட்டியிலிருந்த புதிய குப்பியை எடுத்துக் கொடுத்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

மூன்று மாதங்களின் பின் கையிற் காசு இல்லாமற் பூச்சை நிறுத்தினேன். நான்காம் நாள் முகம் நெருப்பாய் எரிந்தது. முன்பிருந்ததைப் போல இரு மடங்கு பருக்கள்; அவற்றிடையே செந்நிற நரம்புக் கோடுகள். மட்டக்களப்பிலுள்ள தோல் வைத்தியரிடம் சென்றேன். குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அவர், இத்தகைய பூச்சுக்களிற் பெரும்பாலும் கலந்திருப்பது வீரியமான ஸ்டீரொயிட் மருந்து என்றார். அது அழற்சியை அடக்கி இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் தோல் வெளுத்துத் தோன்றும். நாளடைவிற் தோலை மெலியச் செய்யும்; தானே பருவையும் உண்டாக்கும்; நிறுத்தினால் முகம் சீறும்.

அவர் சொன்ன பராமரிப்பு என்னை ஏமாற்றமடையச் செய்யுமளவுக்கு எளியதாயிருந்தது. காலையிலும் இரவிலும், மிகுதியாக வியர்த்தால் இன்னொரு முறையும், மென்மையான கழுவியால் விரல் நுனிகொண்டு கழுவுதல். துவாயால் தேய்க்காது ஒற்றியெடுத்தல். எண்ணெய்ச் சருமத்துக்கும் ஈரப்பூச்சு வேண்டும், துளையை அடைக்காததாய்ப் பார்த்து. பகலிற் சூரியக் காப்புப் பூச்சும் குடையும். தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் நெற்றிக்கு வழியலாகாது. நெற்றியிற் பரு எழ அதுவும் ஒரு காரணம். பருவைக் கிள்ளலாகாது. தோல் ஆறிய பின், இரவில் அடப்பலீன் களிம்பு, முகம் முழுவதற்கும் ஒரு கடலையளவு. சிவந்த பருக்களுக்கு 2.5 சதவீத பென்சோயில் பெரொட்சைட்டு. 10 சதவீதத்திற் கூடுதற் பயனில்லை, எரிச்சலே கூடும். (அது துணியின் சாயத்தை வெளுக்கும் என்பதை அவர் சொல்லவில்லை, என் நீலத் தலையணையுறை சொல்லிற்று.) பயன் தெரிய எட்டு முதற் பன்னிரண்டு வாரங்களாகும் என்றார். ஒரு கிழமையில் வெளுத்துப் பழகியவனுக்குப் பன்னிரண்டு வாரம் ஒரு யுகம்.

எல்லாம் கேட்டு முடிந்து எழும்போதுதான் தங்கையின் நினைவு வந்தது.

படுவான்கரையிலுள்ள வீட்டுக்கு மறுநாளே போனேன். குப்பி கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. அது மூன்றாவது குப்பி, தானே வாங்கியிருந்தாள். வைத்தியர் சொன்னதையெல்லாம் சொன்னேன். சில வெண்மைப் பூச்சுக்களில் இரசம் கலந்திருப்பதையும், அது சிறுநீரகத்தைக் கெடுப்பதையும், இரசத்தைப் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2013 இல் உருவானதையும், அழகுப் பூச்சுக்களில் 2025ஆம் ஆண்டுக்குப் பின் இரசம் சிறிதும் கூடாதென 2023 இற் தீர்மானிக்கப்பட்டதையும் விரிவுரை போல் அடுக்கினேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, “நீங்கள் பூசினது பருவுக்கு, அண்ணா. விட்டால் பரு மட்டும்தான் திரும்பி வரும். நான் விட்டால் என்ன திரும்பி வரும் எண்டு யோசிச்சியளா?” என்றாள்.

விவாத அரங்கிற் கைதட்டல் வாங்கியவனுக்கு அதற்கு விடை தெரியவில்லை. குசினிக்குள் பெத்தா தேங்காய் துருவும் ஓசை நின்றிருந்தது.

அடுத்த மாதம் அவளாகவே வருகிறேன் என்றாள். மண்முனைப் பாலத்தைப் பஸ் கடந்தபோது வாவிக் காற்றுக்கு முகத்தைத் திருப்பாமல், முக்காட்டைப் பிடித்தபடி இருந்தாள். காற்றுப் பட்டாலும் எரிந்தது. வைத்தியர் அவளது கன்னத்தை வில்லை கொண்டு பார்த்தார். தோல் மெலிந்துவிட்டது, தேற மாதங்கள் செல்லும், இடையிற் சிவக்கும், அஞ்ச வேண்டாம், வெயில் மட்டும் படலாகாது என்றார். நிறத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

திரும்பும் வழியிற் கடையொன்றிற் குடை வாங்கினேன். விரித்துப் பார்த்தாள்.

“கறுப்புக் குடை. வேறு நிறம் கிடைக்கேல்லையோ, அண்ணா?” என்றாள், கேட்டுவிட்டுச் சிரித்தாள்.