'சிறிய' திட்டம்



சிப்கோ பாடம் நடத்தியது நினைவிருக்கிறதா? 1974-ல் கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மரங்களைக் காத்து நின்ற உத்தராகண்ட் கிராமம் ரேணி. அதே ஊரில், ரிஷிகங்கா ஆற்றில், தனியார் கட்டியது 13.2 மெகாவாட் நீர்மின் நிலையம். 25 மெகாவாட்டுக்குக் குறைந்தால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவையில்லை என்கிறது விதி. வெடி வைப்பதையும் கழிவு கொட்டுவதையும் எதிர்த்து ஊரார் 2019-ல் உயர் நீதிமன்றம் போனார்கள்.

2021 பிப்ரவரி 7 அன்று மலையிலிருந்து பாறையும் பனியும் சரிந்து வந்த வெள்ளத்தில் நிலையமே போனது. அங்கும், கீழே தபோவன் திட்டத்திலுமாக 200 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெரும்பாலும் கூலித் தொழிலாளிகள்.

சரிவுக்கு அணை காரணமல்ல. ஆனால் அத்தனை பேரை அதன் பாதையில் வேலைக்கு நிறுத்தியது யார்?

மெகாவாட்டை மட்டும் அளந்தால் போதாது, மலையையும் பார்க்க வேண்டும். பொறியாளராக, அதிகாரியாக இருக்கும் பிள்ளைகளே, கையெழுத்துப் போடும் முன் ஊராரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.