திறக்காத நோட்டு

மேற்கத்திய இசையமைப்பு சொல்லித் தருகிறேன். தாளில் எழுதிய ஸ்கோரைப் பார்த்ததும் அது எப்படி ஒலிக்கும் என்று மனசுக்குள் கேட்கும் பழக்கம் என்னிடம் மங்கிவிட்டது. அது வெளியே தெரியக் கூடாது என்றுதான் மாணவர்களைக் கணினிப் பக்கம் தள்ளினேன். கையெழுத்து புரியவில்லை, நேரம் மிச்சம், தேர்வுக்கு அச்சுப் பிரதிதான் நல்லது என்று அவர்களிடம் சொன்னவை பொய்யில்லை. ஆனால் உண்மையான காரணம் அவையல்ல.

மாணவரின் நோட்டைத் திறந்தால் நான் பியானோவில் உட்கார்ந்து வரிவரியாக வாசித்துப் பார்க்க வேண்டும். வயோலாவின் ஆல்ட்டோ கிளெஃப் வந்தால் தடுமாறுவேன். சிபேலியஸ், மியூஸ்கோர் போன்ற இசை எழுதும் மென்பொருளில் என்றால் ஒரு பொத்தான் போதும். அது வாசிக்கும், நான் தலையாட்டி, ஓரிரு திருத்தம் சொல்வேன். பிள்ளைகளும் அதையே பழகிக்கொண்டார்கள். ஒரு ஸ்வரத்தை வைப்பார்கள், ஓடவிட்டுக் கேட்பார்கள், பிடிக்காவிட்டால் நகர்த்துவார்கள். உள்ளே கேட்டு எழுதுவது போய், தட்டித் தட்டித் தேடுவது வந்துவிட்டது.

ஒரு மாணவி மட்டும் தாளை விடவில்லை. "எழுதும்போதுதான் எனக்குக் கேட்குது சார்" என்றாள். "டைப் பண்ணிக் கொண்டு வாம்மா" என்று நோட்டைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன். கொண்டு வந்தாள். புதுக் கோப்பு திறந்ததும் 4/4 தாளம் தானாக வந்து நிற்கும். நோட்டில் தாளம் மாறி மாறி ஓடிய அவள் மெட்டு அதற்குள் நெருக்கி அடைக்கப்பட்டிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஃப்ளூட்டுக்கு ஓய்வே இல்லாத நீண்ட வரிகள், அதுவும் கீழ் ஸ்தாயியில். அங்கே ஃப்ளூட்டின் ஒலி மெலிந்தது. கூடவே ட்ரம்பெட் ஊதினால் காணாமல் போகும். கணினியில் இரண்டும் சமமாகக் கேட்டன. கணினிக்கு மூச்சும் வாங்காது. நான் சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

ஒத்திகையில் ஃப்ளூட் கலைஞர் பாதியில் நிறுத்தி, "எங்கம்மா மூச்சு எடுக்கிறது?" என்று அவளைக் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவன் நான். வாய் திறக்கவில்லை. எல்லார் முன்னாலும் அவள்தான் மன்னிப்புக் கேட்டாள்.

மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன். பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்குச் சுருதி மாற்றுவதும், வாத்தியத்துக்கு ஒரு பிரதி எடுப்பதும் அதில் நிமிட வேலை. மியூஸ்கோர் இலவசம், வசதியில்லாத பிள்ளைக்கும் கிடைக்கும். ஆனால் அதெல்லாம் இசை உருவான பிறகு வரும் வேலை. பேத்தோவனின் குறிப்பேடுகளில் அடித்தல் திருத்தல்களைப் பார்த்துத்தான் ஒரு மெட்டு எப்படித் தட்டுத்தடுமாறி வடிவம் பெற்றது என்று படிக்கிறோம். மாணவர் அச்சடித்துத் தரும் பக்கத்தில் அவர் தயங்கிய இடம் எனக்குத் தெரிவதில்லை. திருத்துகிறவனுக்கு முதலில் தெரிய வேண்டியது அந்த இடம்தான்.

தன்ராஜ் மாஸ்டரிடம் படித்த இளையராஜா ஸ்கோரை நேராகத் தாளில் எழுதுகிறவர் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அது பயிற்சியால் வருவது என்பதைச் சொல்லவில்லை. அந்தப் பயிற்சியைக் கொடுக்கவும் இல்லை. இப்போது பாக்கின் கோரல்களைப் பியானோவைத் தொடாமல் படித்து, பாடிப் பார்த்து, அதன் பிறகே வாசிக்கிறேன். காது மெதுவாகத்தான் திரும்புகிறது. அந்த மாணவியிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

இசையமைப்பு படிக்கும் பிள்ளைகளே, உங்கள் நோட்டை ஆசிரியர் திறக்காமல் திருப்பிக் கொடுத்தால், திறந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். என்னிடமும் அப்படியே கேளுங்கள்.