தாரா சிங்கா, காமா பயில்வானா?

குஸ்தியில் உலகத்திலேயே பெரிய சாம்பியன் யார் என்று பேச்சு எழுந்தால், யாங்கூன் அன்பர்களில் பலர் தாரா சிங் பெயரைத்தான் சொல்வார்கள். காரணம் இல்லாமலில்லை. கிங் காங்கோடு மோதிய வீரர். 1968-ல் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டம் பெற்றவர். 1987-ல் தொடங்கிய ராமானந்த் சாகரின் ராமாயணத் தொடரில் ஆஞ்சநேயராக வந்து பக்தர்களின் மனத்தில் இடம் பிடித்தவர்.

ஆனால் தொழில்முறைக் குஸ்தியில் உலகப் பட்டம் ஒன்றல்ல, பல. அதே 1968-ல் என்.டபிள்யூ.ஏ. உலகப் பட்டம் ஜீன் கினிஸ்கியிடம் இருந்தது. போதாததற்கு, யார் வெல்வது என்பதையும் பல போட்டிகளில் முன்கூட்டியே பேசி வைத்துவிடுவார்கள். அதற்காக எல்லாமே நாடகம் என்று ஒதுக்குவதும் சரியல்ல. பேசி வைத்துக்கொண்டு விழுந்தாலும் முதுகெலும்பில் விழும் அடி அடிதான். தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே இரத்தம் கட்டி, காது பணியாரம்போல் தடித்துப்போன மல்லரைப் பார்த்தவர்கள் அதை நாடகம் என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

பேரம் கலவாத சான்று வேண்டுமென்றால் பஞ்சாபின் காமா பயில்வானிடம் போக வேண்டும். 1910-ல் லண்டன் சென்ற அவரை, உயரம் போதாதென்று முதலில் ஒதுக்கினார்கள். பிறகு அமெரிக்கரான பெஞ்சமின் ரோலரை வீழ்த்தினார் (ரோலர் தொழிலால் டாக்டர்!). செப்டம்பர் 10-ஆம் தேதி போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவோடு மோதல். எடையில் கூடிய ஸ்பிஸ்கோ இரண்டரை மணி நேரம் பெரும்பாலும் குப்புறப் படுத்து விரிப்போடு ஒட்டிக் கிடந்தார், புரட்ட முடியவில்லை. நம் ஊர் லெத்வேயில் கடைசிவரை இருவரும் நின்றால் சமன் என்பார்களே, அதுபோல் அதுவும் சமனாயிற்று. அடுத்த வாரம் மறுபோட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவேயில்லை. ஜான் புல் பட்டை காமாவுக்குக் கிடைத்தது.

இந்த ஸ்பிஸ்கோ லேசுப்பட்டவரல்ல. 1925-ல் பிலடெல்பியாவில், சாம்பியன் வேய்ன் மன்னிடம் தோற்பதாக ஒப்புக்கொண்டு மேடை ஏறியவர், நிஜமாகவே பிடிபோட்டு அவரைச் சாய்த்துப் பட்டத்தைக் கொண்டுபோனார். பாவம், மன் அமெரிக்கக் கால்பந்தாட்டத்திலிருந்து வந்தவர். குஸ்தி அவ்வளவாகத் தெரியாது.

அக்காலத்து உலக சாம்பியன் பிராங்க் காட்சோடு காமா மோதவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இருவரும் சந்திக்கவேயில்லை. ஆனால் 1928 ஜனவரியில் பாட்டியாலாவில் ஸ்பிஸ்கோ மீண்டும் காமாவின் எதிரே நின்றார். காமாவுக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் முடிவதற்குள் ஸ்பிஸ்கோவின் முதுகு மண்ணில் பட்டது.